ஃபிளாஸ்க் செயலியில் பயனரின் அமர்வுத் தரவை அழியாமல் வைத்திருப்பது எப்படி?

கேள்வி
பதிந்தவர்: நெல்வட்டை, சம்மாந்துறை

அனைவருக்கும் வணக்கமும் ஸலாமும்.

எங்கள் பக்கத்துக் கமக்காரர் அமைப்புகள் சில சேர்ந்து பெரும்போக விதைப்பு விபரங்களைத் திரட்ட ஓர் இணையச் செயலி வேண்டுமென்று கேட்டதால், பைதன் மொழியில் ஃபிளாஸ்க் என்ற இணையச் செயலிக் கட்டமைப்பைக் கொண்டு அதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். வட்டை வட்டையாக (வயல்வெளி வயல்வெளியாக) போய் விபரம் எடுக்கும் ஆறு பேர் தங்கள் கைத்தொலைபேசியில் அதைத் திறந்து, ஐந்து பக்கப் படிவமொன்றை நிரப்புகிறார்கள். விவசாயியின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் முதற்பக்கத்தில் வரும். நான்காம் பக்கம்தான் நீளமானது. காணித் துண்டு ஒவ்வொன்றுக்கும் ஏக்கர் அளவு, வாய்க்கால், நெல்லினம் என்று தனித்தனியே சேர்க்க வேண்டும். ஐந்தாம் பக்கத்தில் பசளை விபரத்தைக் கொடுத்துச் சமர்ப்பித்த பிறகே எல்லாம் தரவுத்தளத்துக்குப் போகும்.

அதுவரை நிரப்பியவற்றை எங்கே வைத்திருப்பது என்பதில்தான் இரண்டு மாதமாகத் தடுமாறுகிறேன். முதலில் நிரலின் தலைப்பகுதியில் ஒரு டிக்ஷனரியை வைத்து, பயனரின் பெயரைச் சாவியாகக் கொண்டு எல்லாவற்றையும் அதில் இட்டேன். என் மடிக்கணினியில் ஒரு குறையுமில்லாமல் ஓடிய அது, வாடகைச் சேவையகத்தில் குனிகார்ன் என்ற சேவையக மென்பொருளின் மூன்று வேர்க்கர்களோடு ஏற்றிய அன்றே குழம்பிவிட்டது. இரண்டாம் பக்கத்தில் கொடுத்தது மூன்றாம் பக்கத்தில் சில வேளை இருந்தது, சில வேளை இல்லை. அதனால் எல்லாவற்றையும் ஃபிளாஸ்க்கின் செஷனுக்குள் (அமர்வுக்குள்) மாற்றினேன். இப்போது வேறு விதமான குறைகள். உள்நுழைந்து வேலை செய்துகொண்டிருப்பவரை அடுத்த பக்கத்துக்குப் போகும்போதே திடீரென உள்நுழைவுப் பக்கத்துக்குத் தள்ளுகிறது. சேவையகத்தை மீளத் தொடங்கினால் எல்லோரும் வெளியேற்றப்படுகிறார்கள். நான்காம் பக்கத்தில் முதலாவது காணித் துண்டு நிற்கிறது, இரண்டாவதும் மூன்றாவதும் நிற்பதில்லை. உலாவியை மூடித் திறந்தால் எதுவும் மிஞ்சுவதில்லை.

போன கிழமை நானும் விபரம் எடுப்பவர் ஒருவரோடு வட்டைக்குப் போயிருந்தேன். வரம்பில் நின்றபடி ஒரு முதியவர் தன் உறுதிக் கடதாசியை விரித்துப் பிடித்து, நான்கு துண்டுக் காணியின் விபரத்தையும் நிதானமாகச் சொல்லி முடித்தார். அடுத்த பக்கத்துக்கான பொத்தானை அழுத்தியதும் கடவுச்சொல் கேட்கும் பக்கம் வந்து நின்றது. அவர் முகத்தைப் பார்த்து, "மறுகாவும் முதலில இருந்தா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். அந்த மனிதரை இன்னொரு தடவை வெயிலில் நிற்க வைக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

செயலியின் இரகசியச் சாவியை ஓஎஸ் யூரேண்டம் என்ற எழுமாறு செயற்கூறைக் கொண்டு நிரலின் தொடக்கத்தில் உருவாக்குகிறேன். சேவையகத்தில் 1 ஜிபி நினைவகம்தான் இருக்கிறது. ரெடிஸ் என்ற நினைவகத் தரவுக்களஞ்சியத்தை நிறுவ வேண்டுமா, அல்லது வேறு வழி உண்டா?


பதில் 1
பதிந்தவர்: கல்லடித்தோணி, மட்டக்களப்பு

தம்பி, நீங்கள் அறிகுறிகளைத் தெளிவாகப் பிரித்து எழுதியதால் காரணங்களையும் பிரித்துச் சொல்ல முடிகிறது. இவை ஒரே நோயல்ல, நான்கு வெவ்வேறு நோய்கள்.

டிக்ஷனரி ஏன் குழம்பியது என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். குனிகார்னின் ஒவ்வொரு வேர்க்கரும் தனியான ஒரு செயல்முறை, ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம். ஒருவரது இரண்டாம் பக்கத்தை ஒரு வேர்க்கரும் மூன்றாம் பக்கத்தை இன்னொரு வேர்க்கரும் வாங்கினால், பின்னதன் டிக்ஷனரியில் அவரைப் பற்றி எதுவும் இராது.

திடீரென வெளியேற்றப்படுவதும் அதே வேரிலிருந்து வருவதுதான். ஃபிளாஸ்க்கின் செஷன் சேவையகத்தில் இருப்பதில்லை. முழுத் தரவும் குக்கி என்ற சிறு தரவுத் துணுக்காகப் பயனரின் உலாவிக்குப் போய், இரகசியச் சாவியால் இடப்பட்ட கையொப்பத்தோடு ஒவ்வொரு முறையும் திரும்பி வருகிறது. உங்கள் நிரல் தொடங்கும்போது எழுமாறாகச் சாவியை உருவாக்குவதால், செயலியை முன்கூட்டியே ஏற்றும் பிரீலோட் அமைப்பு இல்லாதவிடத்து மூன்று வேர்க்கர்களுக்கும் மூன்று சாவிகள் கிடைக்கின்றன. ஒன்று கையொப்பமிட்ட குக்கியை மற்றொன்று போலி என்று கருதி, ஒரு பிழைச் செய்தியும் காட்டாமல் வெறுமையான செஷனைத் தொடங்கிவிடுகிறது. மீளத் தொடங்கும்போது எல்லோரும் வெளியேறுவதற்கும் இதுவே காரணம். சாவியை ஒரே ஒரு முறை உருவாக்கி, நிரலுக்கு வெளியே, சேவையகத்தின் சூழல் மாறியாக வையுங்கள். நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட்டில் அதை ஏற்றிவிட வேண்டாம்.

காணித் துண்டுகள் நிற்காததற்குக் காரணம், ஏற்கனவே செஷனில் இருக்கும் பட்டியலுக்குள் அப்பெண்ட் மூலம் நீங்கள் சேர்ப்பதாக இருக்க வேண்டும். செஷனின் மேல்மட்டச் சாவியொன்றுக்குப் புதிய மதிப்பைக் கொடுத்தால் ஃபிளாஸ்க் அதைக் கவனிக்கும். உள்ளே இருக்கும் பட்டியல் வளர்வதை அது கவனிப்பதில்லை. மாற்றமில்லை என்று நினைத்துக் குக்கியைத் திருப்பி அனுப்பாமல் விட்டுவிடுகிறது. சேர்த்த பின் செஷனின் மாடிஃபைட் பண்பை ட்ரூ என்று வைத்தால் அது தீரும். செஷனைப் பெர்மனென்ட் (நிலையானது) என்று குறித்திருந்தால் இயல்பான அமைப்பில் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் குக்கி புதிதாக அனுப்பப்படுமாதலால் இந்தப் பிழை வெளியில் தெரியாமலே இருந்திருக்கும். அப்படி மறைந்திருப்பது இதைவிட மோசம். உலாவியை மூடியதும் அழிவது, நீங்கள் பெர்மனென்ட் என்று குறிக்காததால்தான். குறித்தால் இயல்பான ஆயுள் 31 நாள்.

ஆனால் இந்த நான்கையும் திருத்திவிட்டு இதிலேயே நின்றுவிடாதீர்கள். குக்கி ஒன்றின் எல்லை ஏறக்குறைய 4 கிலோபைட்டு. ஃபிளாஸ்க் செஷனை ஜேசன் என்ற எழுத்து வடிவமாக மாற்றும்போது ஆங்கிலமல்லாத ஒவ்வொரு குறியீட்டையும் ஆறு எழுத்துகளாக விரித்து எழுதுகிறது. "சம்மாந்துறை" என்ற சொல் புள்ளியும் உயிர்க்குறியும் சேர்ந்து 11 குறியீடுகள், ஆகவே 66 எழுத்துகள். பின்னர் அது சுருக்கப்பட்டாலும், பேஸ்64 என்ற குறிமுறைக்கு மாற்றும்போது மூன்றிலொரு பங்கு மீண்டும் கூடிவிடும். பத்துத் துண்டுக் காணி உள்ள ஒரு போடியாரின் (பெரிய நிலக்காரரின்) விபரத்தைத் தமிழில் நிரப்பினால் எல்லையைத் தொட்டுவிடக் கூடும். தாண்டினால் உலாவி அந்தக் குக்கியைச் சத்தமில்லாமல் ஏற்காமல் விட்டுவிடும். சேவையகப் பதிவில் ஓர் எச்சரிக்கை மட்டும் விழுந்திருக்கும்.

அதைவிட முக்கியமானது, அந்தக் குக்கி கையொப்பமிடப்பட்டதேயன்றி மறைகுறியாக்கப்பட்டதல்ல. யாரும் மாற்ற முடியாது, ஆனால் கையில் கிடைத்த எவரும் வாசிக்கலாம். விவசாயியின் அடையாள அட்டை இலக்கம் அதற்குள் இருக்கவே கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் நிறைவேறியிருக்கிறது என்பதை ஒருபுறம் வைத்தாலும், நம்மை நம்பிச் சொன்ன விபரத்தைக் காப்பது நம் பொறுப்பு.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். "இவர் யார்" என்பதும் "இவர் பாதியில் விட்ட வேலை என்ன" என்பதும் இரண்டு வேறு விடயங்கள். செஷனில் முதலாவது மட்டும் இருக்கட்டும். இரண்டாவது ஆரம்பத்திலிருந்தே தரவுத்தளத்துக்கு உரியது. முற்றுப்பெறவில்லை என்பதற்காக அது செஷனுக்கு உரியதாகிவிடாது. வரைவு என்று ஓர் அட்டவணை அமையுங்கள். வரைவின் இலக்கம், பயனரின் இலக்கம், எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறார், ஜேசன் வடிவில் தரவு, கடைசியாக மாற்றிய நேரம் ஆகிய ஐந்து நெடுவரிசைகள் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் பொத்தானை அழுத்தியவுடன் அங்கே எழுதிவிடுங்கள். நான்காம் பக்கத்தில் துண்டு ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். அவர் வெளியேற்றப்பட்டாலும், தொலைபேசி விழுந்து உடைந்தாலும், வேறு தொலைபேசியில் உள்நுழைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஆறு பேருக்கு ரெடிஸ் தேவையில்லை. எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளம் பைதனோடே வருகிறது. அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம் என்றாலும், எழுதுவதற்கு எடுக்கும் நேரம் மில்லி விநாடிக் கணக்குதான். மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் டபிள்யூஏஎல் முறையை இயக்கி, காத்திருக்கும் நேரமான பிஸி டைம்அவுட்டை ஐந்து விநாடியாக வைத்தால் மூன்று வேர்க்கர்களும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலின்றி ஓடும். காப்புப் பிரதி எடுக்கும்போது கோப்பை அப்படியே நகலெடுக்காமல் எஸ்கியூலைட்டின் பேக்அப் கட்டளையால் எடுங்கள். புதிதாக எழுதப்பட்டவை பக்கத்திலுள்ள டபிள்யூஏஎல் கோப்பில் இருக்கக் கூடும்.

இன்னுமொன்று. உள்நுழைவையும் சேவையகத்தில் வைப்பதே நல்லது. குக்கியிலேயே எல்லாம் இருந்தால், தொலைபேசி களவுபோன ஒருவரின் உள்நுழைவை மட்டும் நீங்கள் தனியே இரத்துச் செய்ய வழியில்லை. சீக்ரெட்ஸ் தொகுதியின் டோக்கன் யூஆர்எல் சேஃப் என்ற செயற்கூறுக்கு 32 என்று கொடுத்தால் 43 எழுத்துள்ள, ஊகிக்க முடியாத ஒரு தொடர் கிடைக்கும். அதைக் குக்கியில் வைத்து, அதன் ஷா-256 என்ற, மூலத்துக்குத் திருப்ப முடியாத சுருக்கத்தைப் பயனர் இலக்கத்தோடும் காலாவதித் திகதியோடும் ஓர் அட்டவணையில் வையுங்கள். அட்டவணை எவர் கையில் போனாலும் அதைக்கொண்டு எவரும் உள்நுழைய முடியாது. தொலைபேசி தொலைந்தால் அவரது வரிசைகளை நீக்கினால் போதும்.


நெல்வட்டை எழுதியது

அண்ணன், மிக்க நன்றி. காணித் துண்டைச் சேர்க்கும் வரியை இப்போதுதான் பார்த்தேன், நீங்கள் சொன்னதுபோல அப்பெண்ட்தான். ஒரேயொரு தயக்கம். பாதி நிரப்பிய பதிவுகள் தரவுத்தளத்தில் இருந்தால், கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) கொடுக்கும் மொத்த ஏக்கர் கணக்கில் அவை கலந்துவிடாதா? அந்தப் பயத்தினால்தான் கடைசிப் பக்கம் வரை எதையும் எழுதாமல் வைத்திருந்தேன்.


கல்லடித்தோணி எழுதியது

நியாயமான பயம். அதனால்தான் வரைவுக்கு வேறு அட்டவணை என்றேன். பதிவு அட்டவணையில் "முடிந்ததா" என்று ஒரு நெடுவரிசையை மட்டும் சேர்த்தால், என்றோ ஒருநாள் அவசரத்தில் எழுதும் ஒரு வினவலில் அந்த நிபந்தனை விடுபட்டுக் கணக்குப் பிழைக்கும். அட்டவணை வேறாக இருந்தால் மறந்தாலும் கலக்காது. சமர்ப்பிக்கும் கட்டத்தில் பதிவு அட்டவணையில் சேர்ப்பதையும் வரைவை நீக்குவதையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் செய்யுங்கள். இரண்டும் நடக்கும், அல்லது இரண்டும் நடவாது. பதிவும் ஆகி வரைவும் எஞ்சி நிற்கின்ற இடைநிலை ஒருபோதும் வராது.


பதில் 2
பதிந்தவர்: வாவிக்கரை, மட்டக்களப்பு

மேலே சொல்லப்பட்டதோடு எனக்கு முரண்பாடில்லை. ஆனால் ரெடிஸைப் பற்றி ஒரு வார்த்தையில் கடந்துவிட்டதால், பின்னால் இதை வாசிப்பவர்களுக்காக என் அனுபவத்தைச் சேர்க்கிறேன்.

நான் முன்பு பணிபுரிந்த ஓரிடத்தில் செஷன்களை ரெடிஸில் வைத்திருந்தோம். வேகமாக இருந்தது, காலாவதியை ரெடிஸே பார்த்துக்கொண்டது. ஒவ்வொரு சாவிக்கும் ஆயுளைக் கொடுத்துவிட்டால் அது தானே அழிந்துவிடும், தனியாகத் துப்புரவு செய்ய வேண்டியதில்லை. மார்கழி மழையில் ஒருநாள் மின்சாரம் போய், பேட்டரியும் இறங்கி, சேவையகம் அணைந்தது. மீண்டும் எழுந்தபோது அன்று காலையில் உள்நுழைந்தவர்களின் செஷன்களில் பெரும்பகுதி இல்லை. ரெடிஸ் நினைவகத்தில் வாழ்வது. வன்தட்டில் இடைக்கிடை எடுக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் மின்சாரம் போன நொடிக்கும் இடையில் எழுதப்பட்டவை எல்லாம் போய்விடும். மாற்றங்கள் குறைவாக நடக்கும் சிறிய செயலியில் அந்த இடைவெளி நீளமாகவே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் கோப்பில் தொடர்ந்து எழுதும் ஏஓஎஃப் முறையை இயக்கி, விநாடிக்கொரு முறை தட்டில் பதியும்படி வைத்தால், இழப்பு ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் அடங்கும். இயல்பான அமைப்பில் அது அணைந்திருக்கும் என்பது அன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அதே ரெடிஸைத் தற்காலிகச் சேமிப்புக்கும் பயன்படுத்துவதாயின் இன்னும் கவனம் தேவை. நினைவகம் நிரம்பும்போது நெடுநேரம் தொடப்படாத சாவிகளை அகற்றும் கொள்கை வைத்திருந்தால், அது செஷனென்றும் பாராமல் அகற்றிவிடும். 1 ஜிபி நினைவகத்தில் இது ஏட்டளவிலான ஆபத்தல்ல.

ஜாங்கோ என்ற இன்னொரு பைதன் கட்டமைப்பில் எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லைகளில் பாதி இல்லை. அங்கு செஷன் இயல்பாகவே தரவுத்தள அட்டவணையில்தான் இருக்கிறது, குக்கியில் அதன் சாவி மட்டுமே போகிறது. ஆயுள் 1209600 விநாடி, அதாவது இரண்டு கிழமை. ஆனால் காலாவதியான வரிசைகள் தாமாக அழிவதில்லை. கிளியர் செஷன்ஸ் கட்டளையை, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரான் மூலம் நாளுக்கொரு முறை ஓட்ட வேண்டும். தரவுத்தளம் வீங்கிவிட்டதென்று என்னிடம் கொண்டுவரப்பட்ட ஒரு செயலியில் மிகப் பெரிய அட்டவணையாக இருந்தது அதுதான்.

தம்பியின் ஆறு பேரில் யாராவது இருவர் ஒரே தொலைபேசியைப் பகிர்கிறார்களா என்பதையும் விசாரித்துப் பாருங்கள். நம் ஊர்களில் அது வழமை. அப்படியானால் வெளியேறும்போது பயனரின் இலக்கத்தை மட்டும் அழிக்காமல் செஷன் முழுவதையும் அழிக்க வேண்டும். உள்நுழையும்போது பழைய சாவியைத் தொடராமல் புதியதைக் கொடுக்க வேண்டும். ஜாங்கோ இவ்விரண்டையும் தானே செய்கிறது. சொந்தமாக எழுதுபவர் நினைவில் வைத்துச் செய்ய வேண்டும். குக்கிக்கு எச்டிடிபி ஒன்லி, செக்யூர், சேம்சைட் லாக்ஸ் ஆகிய மூன்று பாதுகாப்பு அமைப்புகளையும் மறக்காமல் கொடுங்கள்.


பதில் 3
பதிந்தவர்: பொத்துவில் கரை

ஒரு சிறு விடயம். வரைவைச் சேவையகத்தில் வைத்தாலும் சிக்னல் இல்லாத வட்டையில் பொத்தானை அழுத்தினால் அது சேவையகத்துக்குப் போகாது. எங்கள் பக்கத்தில் ஊரைத் தாண்டியதும் அதுதான் நிலைமை. அந்தப் பக்கத்தை மட்டும் உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில் வைத்து, சேவையகம் பெற்றுக்கொண்டதாகச் சொன்னதும் அழித்துவிடுங்கள். வரைவின் இலக்கத்தைச் சேவையகம் கொடுக்கும்வரை காத்திராமல் தொலைபேசியே ஒரு யூயூஐடி (வேறெதற்கும் வராத இலக்கம்) உருவாக்கட்டும். பதில் வராமல் ஒருவர் மூன்று தடவை அழுத்தினாலும் அதே இலக்கம் வருவதால் ஒரே வரைவுதான் உருவாகும். எங்களிடம் ஒரே விவசாயியின் காணி இரண்டு தடவை பதியப்பட்டு, மொத்த ஏக்கர் கூடிப்போனதற்கு இதைக் கவனிக்காததே காரணம்.


நெல்வட்டை எழுதியது

மூவருக்கும் நன்றி. இரண்டு கிழமைக்குப் பின் எழுதுகிறேன்.

இரகசியச் சாவி இப்போது சூழல் மாறியில் இருக்கிறது. அதை மாற்றிய அன்றே இடையில் வெளியேற்றப்படுவது நின்றுவிட்டது. வரைவு அட்டவணையும் உள்நுழைவு அட்டவணையும் எஸ்கியூலைட்டிலேயே அமைத்தேன். செஷனில் எஞ்சியிருப்பது ஒரு டோக்கன் மட்டும். வாவிக்கரைச் சகோதரி சொன்னதுபோல விசாரித்ததில், இரண்டு பேர் உண்மையாகவே ஒரு தொலைபேசியைத்தான் பகிர்கிறார்கள். ஆகவே உள்நுழைந்தவுடன், "உங்கள் முடியாத வரைவுகள்" என்று அவரவருடையதை மட்டும் காட்டும் பக்கமொன்றையும் சேர்த்தேன். உள்நுழைவின் கடைசிப் பாவனை நேரத்தை ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் எழுதாமல், பத்து நிமிடம் கடந்திருந்தால் மட்டும் எழுதுகிறேன்.

சோதிப்பதற்காக நேற்று நான்காம் பக்கத்தில் இரண்டு துண்டுக் காணியைச் சேர்த்துவிட்டு, சேவையகத்தை முழுவதுமாக நிறுத்தி மீளத் தொடங்கி, தொலைபேசியின் உலாவியையும் மூடி, பின்னர் வேறொரு தொலைபேசியில் உள்நுழைந்து பார்த்தேன். நான்காம் பக்கம் திறந்தது, இரண்டு துண்டும் அப்படியே இருந்தன.

யூயூஐடி வேலை பாதி முடிந்திருக்கிறது. முடியாத வரைவுகளை 60 நாள் வைத்திருந்து, அதற்குப் பின் விபரம் எடுத்தவருக்கு அறிவித்துவிட்டு நீக்குவதாக அமைப்பினரோடு பேசி முடிவெடுத்தோம். சனிக்கிழமை அந்த முதியவரின் காணிக்குத் திரும்பவும் போகிறோம்.